ஏரி வளைவில் நாலு நிமிஷம்

உத்தனப்பள்ளியைத் தாண்டி ராயக்கோட்டை போகும் சாலையில் மூன்று கிலோமீட்டர் போனால், இடது பக்கம் ஒரு மண்பாதை இறங்கும். அதன் கடைசியில் இருப்பது கரியப்பன் வீடு. தக்காளியும் பீன்ஸும் போடுகிற குடும்பம். அவருடைய ஒரே மகள் மாதேஸ்வரி தினமும் பஸ் ஏறி ஓசூருக்குப் போய் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்தாள். ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். முதல் வருஷத்திலேயே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் மூன்றாவதாக வந்தாள்.

மூன்றாவதாக வந்தவளுக்குச் சான்றிதழும் ஒரு துண்டும்தான் கிடைத்தன. அதே ஓட்டத்தில் ஏழாவதாக வந்த பெங்களூரு பெண்ணுக்கு ஒரு ஷூ கம்பெனி வருஷம் முழுக்க ஷூ அனுப்பியது. எப்படி என்று விசாரித்தால், அந்தப் பெண்ணை இன்ஸ்டாகிராமில் அறுபதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள்.

"நல்லா ஓடறது பாதிதான்மா. நீ ஓடறத நாலு பேரு பாக்கணும்," என்றார் உடற்கல்வி ஆசிரியர் ராஜேஷ்குமார். அவரே ஒரு ஆப்பையும் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார். காலையில் அவள் ஊரில் ஓடுவதை அவர் ஓசூரில் இருந்தபடியே பார்த்துக்கொள்ள அது உதவும்.

அப்படித்தான் 'மாதி 5000' பிறந்தது. உடன் படிக்கும் சுஜாதா வீடியோ எடுத்தாள். தக்காளிக் கூடையைத் தலையில் வைத்து வரப்பில் நடந்து வந்து, கூடையை இறக்கிவிட்டு, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடிக்கிற ஒரு ரீலை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ராயக்கோட்டை மண்டியில் வியாபாரி ஒருவர் அதைக் கரியப்பனிடமே காட்டி, "இது நம்ம பொண்ணுதானே?" என்றார். மறுநாள் கரியப்பனே வேறொரு நல்ல கூடையை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல வெச்சா இன்னும் எடுப்பா இருக்கும்," என்றார்.

சத்து மாவுக் கம்பெனி ஒன்று டப்பா டப்பாவாக அனுப்ப ஆரம்பித்தது. கூடவே மற்றதும் வந்தது. அவள் காலைப் பற்றி, உடுப்பைப் பற்றி, வாய்விட்டுப் படிக்க முடியாத கமெண்டுகள். முதல் வாரம் அழுதாள். பிறகு காலையில் பல் விளக்குவதுபோல அதையும் ஒரு வேலையாகச் செய்தாள்: திற, அழி, தடைசெய், மூடு.

'விசிறி 07' என்ற கணக்கு அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததில்லை. மரியாதையாக எழுதுவான். வாங்க, போங்க என்றுதான் பேசுவான். மார்கழியில் ஒருநாள் அவளுக்குத் தனிச் செய்தி அனுப்பினான்.

"இன்னைக்குக் கடைசி கிலோமீட்டர்ல வேகம் கொறைஞ்சிடுச்சே. ஒடம்பு சரியில்லையா?"

மாதேஸ்வரிக்குச் சுருக்கென்றது. அன்று காலை வயிறு பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீடியோவும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லார் முகமும் வேறாகத் தெரிந்தது. ராஜேஷ்குமார் சார் போனைக் குனிந்து பார்த்தால், என்ன பார்க்கிறார் என்று எட்டிப்பார்த்தாள். சுஜாதா கழிவறைக்குப் போன நேரத்தில் அவள் போனை எடுத்துத் திறக்கப் பார்த்தாள். பூட்டு திறக்கவில்லை. திரும்பி வந்த சுஜாதா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னாடி தேடறே?"

"சார்ஜ் எவ்ளோ இருக்குன்னு பாத்தேன்."

"கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றாள் சுஜாதா. அந்த வாரம் அவள் வீடியோ எடுக்க வரவில்லை.

பத்து நாள் கழித்து அடுத்தது வந்தது. "ஏரி வளைவுல நாலு நிமிஷம் நின்னுட்டீங்களே? நாய் தொல்லையா?"

அவள் நின்றது உண்மை. நாய்க்காக நிற்கவில்லை. பால் வண்டி ஓட்டும் சென்னகிருஷ்ணன் எதிரில் வந்து நிறுத்தி, "மூடுபனியில ஓரமா ஓடும்மா, லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது," என்று ஆரம்பித்து அவள் அப்பாவின் தோட்டம்வரை விசாரித்துவிட்டுப் போனார். அந்த வளைவில் அந்த நேரத்தில் அவளையும் அவரையும் தவிர யாரும் இல்லை. யோசிக்க யோசிக்க எல்லாம் ஒத்துவந்தது. தினமும் அந்த நேரத்துக்கு அவர்தான் வருகிறார். தினமும் கை காட்டுகிறார். ஊர்க்காரர்கள் யாரும் அப்படிக் கை காட்டுவதில்லையே!

மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. பனிக்குள் அவள் முதுகு, சடை, பச்சை பனியன். உயரத்திலிருந்து எடுத்த படம். பால் வேன் சீட்டில் உட்கார்ந்தால் சரியாக அந்த உயரம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கீழே ஒரு வரி: "பின்னாடியும் ஒரு ஆள் இருக்கேன், பயப்படாதீங்க."

அப்பாவிடம் காட்டினாள். கரியப்பன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யாருன்னு தெரியுமா?"

"பால் வண்டி அண்ணன்தாம்பா. வேற யாரும் இல்ல."

அவள் 'நினைக்கிறேன்' என்று சொல்லவில்லை. பிற்பாடு இதைத்தான் அவள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள்.

மறுநாள் காலை பால் ஊற்றும் இடத்தில், கேன் வைத்துக்கொண்டு இருபது பேர் நிற்கையில், கரியப்பனும் பங்காளிகள் இரண்டு பேரும் வண்டியை மறித்தார்கள். சென்னகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே இறங்கினார். சட்டையைப் பிடித்து அவர் போனைப் பிடுங்கினார்கள். அதில் மாதேஸ்வரியின் கூடை ரீல் இருந்தது. மலை ஏறி ஓடும் இன்னொரு வீடியோவும் இருந்தது.

"இது என்னாய்யா?"

"எங்க ஊட்ல காட்டறதுக்கு வெச்சிருந்தேன்ணா. நம்ம ரோட்டுப் பொண்ணாச்சேன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்தது. பங்காளி ஒருவர் அடித்தார், பிறகு கரியப்பனும் அடித்தார். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். அன்று மாலைக்குள் வண்டி ஒப்பந்தக்காரர் சென்னகிருஷ்ணனை அந்தத் தடத்திலிருந்து எடுத்துவிட்டார்.

மாதேஸ்வரி அன்று நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் ஓடிவிட்டு வந்து போனைத் திறந்தாள்.

"பால் வண்டிக்காரன மாத்திட்டாங்களா? நல்லது. அவன் உங்களப் பாக்கற பார்வை எனக்கும் புடிக்கல."

அம்மா வெங்கடம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்போது, மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவும் மகளும் கொடுத்த புகாரைக் காவல் நிலையத்தில் வாங்கினார்கள். கிருஷ்ணகிரி சைபர் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டபோது, அந்தப் போன் அத்திப்பள்ளி டவரில் காட்டுகிறது, அது கர்நாடகா, எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றார்கள். கரியப்பன் வெளியே வந்து, "அத்திப்பள்ளி என்னா அமெரிக்காவா? நம்ம தக்காளி தெனமும் போவுதே," என்று படியிலேயே நின்று முனகினார். அதைக் கேட்டுத்தான் சப்-இன்ஸ்பெக்டர் ஜோதிமணி அவர்களை உள்ளே திரும்பக் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஆறு மாசம். எல்லாச் செய்திகளையும் முதலிலிருந்து படித்தார்.

"நாலு நிமிஷம்னு எழுதியிருக்கான். நீ வாட்ச் பாத்தியா?"

"இல்ல மேடம்."

"உனக்கே தெரியாதது அவனுக்கு எப்படித் தெரியுது?"

மாதேஸ்வரி மெதுவாகப் போனை எடுத்து, ராஜேஷ்குமார் சார் ஏற்றிக் கொடுத்த ஓட்ட ஆப்பைத் திறந்தாள். வரைபடத்தில் அவள் வீட்டு வாசலிலிருந்து ஒரு கோடு கிளம்பி, தார்ச்சாலையில் ஏறி, ஏரியைச் சுற்றி, திரும்ப வாசலுக்கே வந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேகம். நின்ற இடம், நின்ற நேரம். எல்லாம் உலகத்துக்கே திறந்து கிடந்தது. சாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அதன் இணைப்பை 'மாதி 5000' பக்கத்தில் அவளே போட்டிருந்தாள், பெருமையாக.

"அப்ப போட்டோ?" என்றார் கரியப்பன்.

"வரைபடத்தப் பாத்து நேர்ல வந்திருக்கான்," என்றார் ஜோதிமணி. "ஏரிக்கரை மேல ஏறி நின்னா வேன் ஒசரம் வரும்ல?"

மாதேஸ்வரிக்கு முகம் சூடேறியது. "நான் ரோட்டுல ஓடறது எல்லாருக்கும் தெரியுந்தான் மேடம். பாக்கறதும் பின்னாடி வர்றதும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லம்மா. அதனாலதான் கேஸு. அந்த ஆப்ப இப்ப மூடாத. எப்பவும்போல ஓடு. நாங்க வர்றோம்."

தொடர்ந்து மூன்று காலை அவள் தூண்டில் புழுவைப்போல ஓடினாள். எதிரில் வந்த ஒவ்வொருவரையும் அளந்தாள். பீன்ஸ் மூட்டையோடு மொபெட்டில் போனவர், பஸ் நிழற்குடையில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்த கிழவர், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த நீலச் சட்டை ஆட்கள், யாரும் விலக்கில்லை. முந்தின மாசம் இவர்களுக்கெல்லாம் அவள் வணக்கம் சொல்லிவிட்டு ஓடியவள். வளைவருகே நிற்கும் ஆட்டோவில் போலீஸ்காரர்கள் இருப்பது தெரிந்தும், அந்த ஆட்டோவையே சந்தேகமாகப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ஏரிக்கரைமேல் ஹெல்மெட் கழற்றாத ஒருவன் போனை உயர்த்தினான். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் இறங்கி ஓடினார்கள். அவன் ஓடவே இல்லை. யாரையோ எதிர்பார்த்து நின்றவன்போல நின்றான்.

பெயர் தினகரன். முப்பத்து நாலு வயசு. தெற்கிலிருந்து பிழைக்க வந்தவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், வாடகைக்கு அத்திப்பள்ளியில் வீடு. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவான். இதுவரை பதினோரு காலை வந்திருக்கிறான். பால் வண்டி மறிக்கப்பட்ட அன்றும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறான். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் சுவரோரம் நின்றாள்.

"நான் ஒரு கெட்ட வார்த்தை போட்டிருக்கேனா மேடம்?" என்று அவன் நியாயம் கேட்டான். "கண்டவனும் போட்ட அசிங்கத்தையெல்லாம் ரிப்போர்ட் அடிச்சதே நாந்தான். இவங்க பக்கம் ஐந்நூறு பேரோட இருந்தப்பவே நான் இருக்கேன். ஒரு தடவையாச்சும் ஒரு நன்றி சொல்லுவாங்கன்னு பாத்தேன்."

மாதேஸ்வரியை ஒருமுறைகூட அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. போனில் அத்தனை பார்த்தவன், எதிரில் நின்றவளைத் தெரியாதவன்போல ஜோதிமணியிடமே பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது. வழக்குப் பதிவாகி, பத்து நாளில் ஜாமீனில் வெளியே வந்தான் என்று கேள்விப்பட்டாள்.

அதற்குள் அவளும் அப்பாவும் சென்னகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி நாராயணம்மா வாசலிலேயே நிறுத்தினாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சென்னகிருஷ்ணன் அவள் பின்னால் வந்து நின்றார். இப்போது ஓசூர் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றப் போவதாகச் சொன்னார். அன்று விழுந்த அடியில் இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்ணா," என்றாள் மாதேஸ்வரி. "நாந்தான் உங்க பேர சொன்னேன்."

"தெரியும்மா."

கரியப்பன் கை கூப்பினார். "ஒப்பந்தக்காரர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கே வண்டி எடுத்துக்கலாம்."

"வண்டி எடுப்பேன். இந்தத் தடம் வேணாம். தளிப் பக்கம் கேட்டிருக்கேன்."

நாராயணம்மாவால் அடக்க முடியவில்லை. "எங்கூட்டுக்காரரு அடி வாங்கறத என் தம்பி பொண்டாட்டி போன்ல பாத்தேன். உங்க பொண்ணு ஓடறதையும் அதே போன்லதான் பாத்தேன். இவரு காட்டுவாரு, பாரு எப்படி ஓடுதுன்னு. அது எப்படித் தப்பாச்சி?"

"போயிட்டு வாங்க," என்றார் சென்னகிருஷ்ணன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மாதேஸ்வரியும் எதிர்பார்க்கவில்லை.

சுஜாதாவிடம் மன்னிப்புக் கேட்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. ஒருநாள் முழுக்கத் திட்டிவிட்டு, சுஜாதா மறுபடி வீடியோ எடுக்க வந்தாள். இப்போதெல்லாம் எடுத்ததை உடனே போடுவதில்லை. இரண்டு வாரம் கழித்து, அந்த இடத்துக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் போடுகிறார்கள். ஊர் தெரிகிற பலகை, பஸ் எண், மலை எதுவும் வரக் கூடாது. ஆப்பில் கதவெல்லாம் சாத்தியாயிற்று. கணக்கை மூடிவிடு என்று வெங்கடம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். "அவனுக்காக நான் ஏம்மா மூடணும்?" என்றாள் மகள். அதைச் சொல்லும்போது குரலில் இருந்த திடம், கதவைத் திறந்து வெளியே போகும்போது அவளிடம் இருப்பதில்லை.

மாசியில் சேலத்தில் நடந்த போட்டியில் இரண்டாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள், யார் என்று அறிய. முதலிடம் அங்கேதான் போனது என்று ராஜேஷ்குமார் சார் வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஓசூர் பஸ் நிலையத்தில் ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பூக்கூடை வைத்திருந்த நடுவயசுப் பெண்மணி ஒருத்தி பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "ஏம்மா, தக்காளிக் கூடைய எறக்கி வெச்சிட்டு ஓடுமே, அந்தப் பொண்ணு நீதானே?" என்றாள்.

மாதேஸ்வரி அவள் கையைப் பார்த்தாள். போன் இல்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"இல்லைங்க," என்றாள்.

"அப்படியே இருக்கியே! என் மருமக காட்டுவா," என்று சொல்லிவிட்டு, சிரிப்பு பாதி அடங்கிய முகத்தோடு அந்தப் பெண்மணி தன் கூடைக்குத் திரும்பினாள். பஸ் வந்தது. மாதேஸ்வரி முன் வழியாக ஏறி, டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் பக்கம் போகாமல் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.