பின்னால் போகாத வண்டி

பனி உறைந்த ஞாயிறுகளில் எங்கள் சிற்றாலயத்துப் படிகளில் யாரோ அடுப்புச் சாம்பல் தூவி வைத்திருப்பார்கள். அங்கே கூட்டிப் பெருக்குகிற எனக்கே யாரென்று தெரியாது. ஒருநாள் விடியுமுன் போனபோதுதான் வில்ஃப் ஆர்மராட் வாளியும் கையுமாக நின்றார். "வெளியில சொன்னே, வாளிய உன் தலையில கவுத்துருவேன் எல்சி" என்றார்.

வாயைத் திறந்தால் ஏளனம்தான். அதுவும் கார் பேச்சு வந்துவிட்டால், கர்த்தர்தான் காக்க வேண்டும்.

லங்காஷயர் மில்லில் கொதிகலன் பார்த்தவர். கார் ஓட்டும் பரீட்சையில் மூன்று தடவை தோற்றார். கையில் இருந்தது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும். மூன்று சக்கரமாக இருந்து, பின்னால் போகும் கியரும் இல்லாவிட்டால் அந்த லைசென்ஸே போதும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அதனால் 1958-இல், இருபது வயதில், முட்டை மாதிரி ஒரு வண்டி வாங்கினார். முன்முகமே கதவு, அதைத் திறந்துதான் ஏற வேண்டும். எண்பது வயதிலும் அதுதான் அவருக்குக் கால்.

அவருடைய அக்காள் மகள் பெரில் புதிதாக ஒரு சின்ன கார் வாங்கினாள்.

"மாமா, அந்த முட்டையக் குடுத்துடுங்க. எதுலயாவது மோதினா முதல்ல உங்க முழங்கால்தான் போகும். இனிமே நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு தடவை வர்றேன். சிற்றாலயத்து வாசல் வரைக்கும் உன் வண்டி போயிட்டா, என்னோடத நீயே வித்துக்கோ."

ஆண்டுவிழா ஞாயிறன்று கிளம்பினோம். நான் பின்சீட்டில். பெல்ட் போடவில்லை என்று கார் கத்தியது. சாலையின் வெள்ளைக் கோட்டைத் தொட்டதற்கும் கத்தியது.

"இது வண்டியா, மாமியாரா?" என்றார் வில்ஃப்.

சிற்றாலயத்துக்கு ஏறும் மேட்டுப் பாதையில் இரண்டு பக்கமும் கல்சுவர். பாதி வழியில் பக்கக் கண்ணாடிகள் சுவரில் உரச, கார் நின்றேவிட்டது.

"பேரு சின்ன கார்! பன்னியக் குட்டின்னு கூப்பிட்டா இளைச்சிருமா?"

பெரில் காரைப் பின்னாலேயே எடுத்துக் கீழே நிறுத்த, மழையில் நனைந்துகொண்டே நடந்தோம். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆனந்தத்தை நான் ஜெபத்தில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு பெருமை காட்ட முட்டையிலேயே வந்தார். எவ்வளவு இடம் மிச்சம் பார் என்று காட்ட, சிற்றாலயச் சுவரில் வண்டியின் மூக்கு முட்டும்படி நிறுத்தினார். கதவு முன்னால். வண்டி பின்னால் போகாது. வண்டிக்குத் துணிக் கூரைதான்; அதைப் பிரித்து மேல்வழியாக வெளியே ஏற வயிறு விடவில்லை. போதகர் பாட்டைத் தொடங்கிவிட்டார். வெளியே வண்டிக்குள்ளிருந்து வில்ஃபும் கட்டைக் குரலில் கூடவே பாடினார்.

பெரில் ஓடிப்போய்ப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மாமா, ஆண்டவர் உள்ள வெச்சுப் பூட்டிட்டாரா?"

"சிரிக்காத. பின்னால பிடிச்சு இழு."

ஒரே இழுவையில் வண்டி வந்துவிட்டது. இறங்கியவர் கோட்டை உதறிக்கொண்டார். "பாத்தியா? உன்னோடத இப்படி இழு பாப்போம், இடுப்பு கழண்டுரும்."

அதற்குப் பிறகு பெரில் விற்கிற பேச்சை எடுக்கவில்லை. பகலில் கடைக்கும், சாயங்காலம் எங்கள் ஜெபக் கூட்டத்துக்கும் அவர் முட்டையிலேயே வந்து போனார்.

இலையுதிர் காலத்தில் நெஞ்சு நோவு கண்டது. ஆஸ்பத்திரியில் வந்து தங்கச் சொன்னார்கள். தானே ஓட்டிப் போவதாக அடம்பிடித்தார். ஸ்டியரிங்கைத் திருப்பக் கையில் பலம் இல்லை. பெரில்தான் அவரைத் தன் காரில் ஏற்றினாள். வழியனுப்ப நான் வாசலில் நின்றேன். பெல்ட்டுக்காகக் கார் கத்தியது. அவர் கண்ணாடியை இறக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"எல்சி, மேல ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையி. இந்த வண்டியில வந்தது என் இஷ்டத்துக்கு இல்லன்னு."