கண்டிகையில் நின்ற லாரி

தேசப்பன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, ரஞ்சிதம் அக்காவுக்கு வரன் வந்த அன்று. வரன் கொண்டுவந்தவர் பெயரைச் சொன்னதுமே எங்கள் நைனா சிரித்துவிட்டார்.

“யாரு, நின்னுபோற வண்டிக்காரனா? குடுத்துடலாம். மாப்பிள்ளைய பாக்க எங்கியும் போக வேணாம், தெனம் நம்ம ஊட்டாண்டதான நிக்கிறான்.”

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகையில், திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற பாட்டையை ஒட்டி இருந்தது. உலகச் சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பட்டாளத்தார் ஏலம் விட்ட ஒரு பழைய டீசல் லாரியைத் திருத்தணி கஜபதி எடுத்திருந்தார். தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை போகும், திரும்பும்போது துணியும் வேர்க்கடலையும் வரும். அந்த லாரி திருத்தணியில் குதிரை மாதிரி கிளம்பும். எங்கள் வீட்டுப் புங்கமரத்துக்குப் பத்தடி முன்னேயோ இருபதடி பின்னேயோ வந்து இருமும், திணறும், நின்றுவிடும். அதை ஓட்டியவர்தான் தேசப்பன். மணவூரில் கொடுத்த என் அத்தைக்கு, அதாவது நைனாவின் சித்தப்பா மகளுக்கு, கொழுந்தனார் மகன். முறைதான். வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. அன்றிலிருந்து எனக்கு பாவா.

கல்யாணத்துக்கு அப்புறமும் லாரி நின்றது. அவர் இறங்குவார். டீசல் இருக்கிறதா என்று தொட்டியின் மூடியைத் திருகி, மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். இருக்கும். பிறகு முன்பக்கம் போய் டீசல் குழாயின் திருகாணியைத் தளர்த்துவார். டீசல் நுரை நுரையாக வரும். “ஏர் புடிச்சிருச்சு” என்பார். குழாய்க்குள் காற்று புகுந்தால் டீசல் வண்டி மூச்சடைத்து நின்றுவிடுமாம். கைப்பம்பை அடித்து அடித்து நுரை போய்த் தெளிவாக டீசல் வந்ததும் திருகாணியை இறுக்குவார். வண்டி கிளம்பும். அடுத்த ஆறேழு மைலில் மறுபடியும் நிற்கும்.

கார்த்திகை மாசம் பட்டணத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. அங்கே ஒரு பஸ் கம்பெனிக்கு டீசல் வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம். தை பிறப்பதற்குள் லைசென்சோடு வந்து சேர வேண்டும். அக்கா அன்றைக்கே பாத்திரங்களை எண்ணி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் லைசென்சு பாவாவிடம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே, “பத்திரமா இருக்கட்டும்” என்று கஜபதி அதை வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

பாவா போய்க் கேட்டார்.

“வண்டிய கெடுத்துட்டு நீ பஸ் ஓட்டப் போறியா?” என்றார் கஜபதி. “பேட்டைக்குப் போய் ஒரு எடத்துலயும் நிக்காம திரும்பி வரட்டும். அன்னிக்கு எடுத்துக்கினு போ.”

மார்கழி பாதி வரைக்கும் பாவா அந்த லாரியின் அடியிலேயே கிடந்தார். வடிகட்டித் துணியை அவிழ்த்துத் துவைத்தார். எங்கே காற்று இழுக்கிறது என்று குழாயின் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். சந்தேகப்பட்ட இடத்தில் நூல் சுற்றிச் சோப்பு அப்பினார். குழாயையே மாற்றினார். லாரி நின்றது.

ஒரு நாள் மண்ணெண்ணெய் டின் ஒன்றில் டீசலை ஊற்றி டிரைவர் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ரப்பர் குழாயை நேராக இஞ்சினுக்கு விட்டார். லாரி பேட்டை வரைக்கும் போய் நிற்காமல் திரும்பி வந்தது! இஞ்சினில் குற்றம் இல்லை, தொட்டிப் பக்கம்தான் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. சந்தோஷமாகப் போய் லைசென்சைக் கேட்டார்.

“தலைக்கு மேல டின்ன கட்டிக்கினு ஓட்டுறியே, வண்டியாடா இது, காவடியா?” என்று கஜபதி சிரித்தார். “ஒழுங்கா ஓட்டிக் காட்டு.”

தொட்டியை இறக்கிக் கழுவினார். இரண்டு கை துரு வந்தது. மறுபடியும் மாட்டினார். லாரி புங்கமரத்தடியில் நின்றது.

அன்று நான் மோர் கொண்டுபோனேன். பாவா தொட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் மூடியைத் திருகினார். ‘புஸ்’ என்று சத்தம் வந்தது. எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். சூட்டில் டீசல் ஆவி வெளியே வருகிறது என்று நினைத்திருந்தாராம். அன்று அவர் தோள் துண்டின் முனை அந்த வாயருகே கிடந்தது. அது வெளியே பறக்கவில்லை, உள்ளே இழுபட்டது.

“அம்மு, ஒரு முள்ளு ஒடிச்சிக்கினு வா” என்றார்.

கருவேல முள்ளைக் கொண்டுவந்து கொடுத்தேன். மூடியின் நடுவில் குத்தினார். காய்ந்து கல்லாகிப்போன சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் அடியில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வைத்த துளை. அது அடைபட்டதால் தொட்டி டீசலை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அளவு பார்க்க மூடியைத் திறந்தாரே, அதுதான் வண்டியைக் கிளப்பியிருக்கிறது.

பாவா சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் கஜபதியின் அம்மா கெங்கம்மாள் மலைக்குப் படியேறிப் போய், சாமிக்குச் சாத்திய சந்தனத்தைக் கொண்டுவந்து லாரிக்குப் பொட்டு வைப்பார். எல்லாரும் வண்டிக்கு முன்பக்கம் வைப்பார்கள். அந்த அம்மாள் மட்டும், “சோறு துன்ற வாய்க்குத்தான் மொத பொட்டு” என்று டீசல் மூடியில் கெட்டியாக அப்புவார். அதன் மேல் யார் கையும் படக்கூடாது. பாவாகூட ஓரத்தைத் துண்டால் பிடித்துத்தான் திருகுவார்.

“சொல்லிடு, லைசென்ச வாங்கினு கெளம்பலாம்” என்றாள் அக்கா.

“அவங்கம்மா வெச்ச சந்தனத்தாலதான் வண்டி நிக்கிதுன்னு சொன்னா லைசென்சு குடுப்பாரா, செருப்பு குடுப்பாரா?”

அதனால் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் பொட்டு வைத்துவிட்டுப் போனதும் யாருக்கும் தெரியாமல் முள்ளால் ஒரு குத்து. லாரி பத்து நாள் எங்கேயும் நிற்கவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது பாவா ஹாரன் அடித்துக்கொண்டே போவார். தைக்கு நான்கு நாள் இருக்கையில் லைசென்சைக் கேட்டார்.

“எதுக்கு?” என்றார் கஜபதி. “இத்தினி நாள் எவன் கைக்கும் அடங்காத வண்டி உன் கைக்கு அடங்கிச்சு. உன்ன வுட்டுட்டு நான் யாருகிட்ட போவேன்?”

அதற்குமேல் மறைத்துப் பயனில்லை என்று பாவா உண்மையைச் சொன்னார். மூடி, துளை, முள், எல்லாவற்றையும். வேறு எந்த டிரைவர் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார். கெங்கம்மாள் உள்ளேயிருந்து வந்தார்.

“சாமி சந்தனத்த முள்ளால குத்திக்கினா இருந்தே?”

“ரெண்டு வெரல் தள்ளி வெச்சா போதும்மா. தொளை மட்டும் அடையக்கூடாது.”

“நெத்திப் பொட்ட தோள்ல வெக்கச் சொல்றியா?”

கஜபதி தாய் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. அரக்கோணத்துச் சடகோபனை வரவழைத்து, லாரியை ஓட்டுகிறாயா என்று கேட்டார். நல்ல டிரைவர். விஷயத்தைக் கேட்டதும் சடகோபன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“வண்டி ஓட்டுறேன் மொதலாளி. சாமி மேல முள்ளு எடுக்கமாட்டேன்.”

அவர் போன பிறகு கஜபதி பாவாவைப் பார்த்தார்.

“அம்மா பொட்டு வெக்கிறத நிறுத்தமாட்டாங்க. குத்துற கைக்குப் பாவம் உண்டுன்னா, உன் கை ஏற்கெனவே குத்திடுச்சு. அது உன் ஒருத்தனோட போவட்டும். இன்னொருத்தன் கைய எதுக்குக் கெடுக்கணும்?”

பெட்டி பூட்டியபடியே இருந்தது. தை பிறந்தது. லைசென்சு தொலைந்துவிட்டதாக எழுதிக்கொடுத்து வேறு வாங்கலாம் என்று நைனா சொல்லிப் பார்த்தார். “பெட்டியில இருக்கிறத தொலஞ்சிபோச்சுன்னு எப்பிடி மாமா எழுதுறது?” என்றார் பாவா. அக்கா மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழைய இடத்திலேயே அடுக்கினாள்.

அவர் அந்த லாரியைப் பதினோரு வருஷம் ஓட்டினார். லைசென்சைப் புதுப்பிக்கிற வேலையைக்கூட கஜபதியே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையானால் பாவா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு முள்ளை எடுப்பார். கெங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். லாரியை உடைசலுக்கு விற்ற அன்று லைசென்சைக் கையில் கொடுத்தார்கள். அதற்குள் அவருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது.

இப்போது அவர் கே.ஜி.கண்டிகையில் எங்கள் பழைய வீட்டில் ரஞ்சிதம் அக்காவோடு இருக்கிறார்.