சிவப்புக் கோடு போட்ட பிள்ளைகள்

திங்கட்கிழமை காலை, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. கைப்பேசி மேசையில் கிடந்து இரண்டு மூன்று முறை முனகியது. எங்கள் குழுவில் விடிந்ததும் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களாகத்தான் இருக்கும் என்று நான் பாட்டுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால், குழுவை நடத்தும் டீச்சர் எனக்கு மட்டும் ஒன்றை அனுப்பியிருந்தார். லாபுவிலிருந்து ஒரு பெண் அவருக்கு எழுதியது.

"ஆண்ட்டி, அம்மாவப் பெத்தவங்க பேரப் போட்டு உங்க வெப்சைட்ல தேடினேன். பொறந்த தேதி, லயத்து நம்பர் எல்லாம் அம்மாவோடதுதான். ஆனா அந்தப் பொம்பளப் பிள்ள பொறந்து அஞ்சாம் நாள் செத்துருச்சுன்னு போட்டிருக்கு. அம்மா உயிரோட இருக்காங்க. வியாழக்கிழமை சிரம்பான்ல அவங்களுக்கு நீல ஐசி இண்டர்வியூ. நேத்துலேருந்து 'அப்ப நான் யாரு, யாரு பெத்த பிள்ள'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாப்பிடல. கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லுங்க ஆண்ட்டி."

அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரந்தாவைச் சுற்றியிருந்த பல ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அதை மூடிப் பல வருடங்களாகின்றன. கட்டடத்தை இடிப்பதற்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் அங்கிருந்த பிரசவப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். செல்லரித்த பக்கங்கள், கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. அதைப் படித்துக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடும்படி வலைத்தளத்தில் வைப்பது எங்கள் வேலை. எட்டுப் பேர் இருந்தோம். எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, ஒழிந்த நேரத்தில் செய்கிறவர்கள்.

அதில் எனக்குக் கொஞ்சம் மவுசு அதிகம். இருபத்தாறு வருடம் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவள் நான். எந்தக் கையெழுத்தும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழுவில் என்னைக் கிராணியம்மா என்றே கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள் என்றாலும் எனக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போகும்.

அந்தப் பதிவேட்டில் குழந்தைக்குப் பெயர் இருக்காது. பிறந்த உடனே யார் பெயர் வைத்தார்கள்? தேதி, ஆணா பெண்ணா, தாய் தகப்பன் பெயர், தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டு எண், அவ்வளவுதான். ஆனால் பல வரிகளின் மேல் அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டின் முனையில் சின்னதாக ஒரு தேதி, பிறந்த நாளுக்கு நாலைந்து நாள் தள்ளி. இது என்ன என்று ஆரம்பத்திலேயே குழுவில் ஒருவர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. குரல்பதிவே அனுப்பினேன்.

"செக்ரோல்ல சிவப்புக் கோடு போட்டா ஆளு இல்லன்னு அர்த்தம் லா. பேரு வெட்டியாச்சுன்னு சொல்லுவோம். பிள்ளைக்கும் அதே கதைதான். முனையில இருக்கிறது செத்த தேதி. அப்படியே போடுங்க."

செக்ரோல் என்பது தோட்டத்துப் பெயர்ப்பட்டியல். தினமும் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் கணக்கு எடுத்து அதில் குறிப்போம். ஒருவர் தோட்டத்தை விட்டுப் போனாலோ செத்தாலோ அவர் பெயர் மேல் சிவப்புக் கோடு இழுத்து, முனையில் தேதி போட வேண்டும். எத்தனை பெயரை நான் அப்படி வெட்டியிருப்பேன். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். கிராணியம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எட்டுப் பேரும் மாதக்கணக்கில் அப்படியே எழுதினோம். ஒருநாள் ஒரே பக்கத்தில் பதினேழு பிள்ளைகளை இறந்ததாக எழுதிவிட்டு, மனம் தாங்காமல் சாமி மேடையில் அவர்களுக்காக ஒரு விளக்கு ஏற்றினேன். அந்தக் காலத்தில் பிள்ளைகள் தங்குவது குதிரைக்கொம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

லாபுப் பெண்ணின் செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். என் வேலையில் பிழை கண்டுபிடிக்கிறார்களாம். படத்தைத் திறந்து பார்த்தேன். கோடு இருந்தது, தேதி இருந்தது. "ஆவணத்தில் உள்ளபடியே பதிந்திருக்கிறோம்" என்று டீச்சருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். பிறகு மீனைக் குழம்பில் போட்டேன். போட்டேனே தவிர, அன்று எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் வயது. இங்கேயே பிறந்து, பால்மரம் வெட்டி, பேரன் பேத்தி எடுத்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் இன்னும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான் வைத்திருக்கிறார், குடியுரிமை கிடையாது; நீல ஐசி குடிமக்களுக்குத்தான். இங்கே பிறந்ததற்கு ஒரு காகிதம் இருந்தால் காட்டு என்று ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். அறுபது வருடம் கழித்து ஒரு காகிதம் கிடைத்தது. அது நீ செத்துப்போய்விட்டாய் என்கிறது. தோட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேறொருத்தி பிள்ளையை வாங்கி வளர்ப்பது புதிதில்லை. அந்த அம்மா எந்தப் பக்கம் யோசிப்பார் என்று எனக்குத் தெரியாதா? நான் எழுதிய ஒரு சொல்லால் அவருடைய தாய் அவருக்கு இல்லாமல் போய்விட்டாள். அதுவும் மூன்று நாளில் அதிகாரி முன்னால் போய் உட்காரப்போகிறவருக்கு.

ஒருவேளை நான் எழுதியது உண்மையாகவே இருந்தால்? அந்த நினைப்புதான் என்னைப் பிய்த்தது. உண்மை என்றால் மாற்றி எழுதவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை, சந்தைக்குப் போகாமல் கணினி முன் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இருபது பிரசவம், பதினேழு சிவப்புக் கோடு. அடுத்த பக்கத்தில் பதினெட்டு. அதற்கடுத்ததில் பதினாறு. இருபதுக்குப் பதினேழு பிள்ளை செத்திருந்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் யார் படித்தார்கள்? பெரட்டுக் களத்தில் யார் ஓடி விளையாடினார்கள்? எல்லாப் பிள்ளையும் அதெப்படி நாலாம் நாள், ஐந்தாம் நாளே சாகும்? விளக்கு ஏற்றத் தெரிந்த எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

நானும் அதே ஆஸ்பத்திரியில் பிறந்தவள்தான். என் வருடத்துப் பதிவேடு வேறொருவர் பங்கில் இருந்தது. அதைத் திறக்கக் கை வரவில்லை. கோடு இல்லாமல் இருந்தால் நான் சொன்னதுதான் சரி என்றாகிவிடும், லாபு அம்மாவின் கதி அதோகதி. கோடு இருந்தால்? எழுந்து போய் ஒரு கோப்பி கலக்கினேன். குடிக்காமல் வைத்துவிட்டு வந்து திறந்தேன்.

என் அப்பா பெயர், அம்மா பெயர், எங்கள் லயம், எங்கள் வீட்டு எண். பெண். மேலே சிவப்புக் கோடு. வலைத்தளத்தில் போய்த் தேடினால், நான் பிறந்து நான்காம் நாள் செத்திருந்தேன். நானே போட்ட விதிப்படி.

சிரித்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. எனக்கு முன் ஒன்று பிறந்து போயிருக்குமோ, என்னை எங்கிருந்தாவது வாங்கியிருப்பார்களோ, அக்கம்பக்கத்தில் யாராவது எப்போதாவது ஜாடையாகச் சொன்னார்களோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. கேட்பதற்கு அம்மா இல்லை. லாபு அம்மா இரண்டு நாளாக எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அலமாரியைத் திறந்து என் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். அது இத்தனை வருடமும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் கிடந்தது. பிறந்த தேதிக்குக் கீழே, பதிவான தேதி என்று ஒன்று இருக்கும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்த்தேன். சிவப்புக் கோட்டின் முனையில் இருந்த அதே தேதி. என் தம்பியின் வரியைத் தேடி எடுத்து, அவனுக்குப் போன் போட்டு அவன் பத்திரத்தைப் பார்க்கச் சொன்னேன். அதுவும் ஒத்துப்போனது.

அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிரசவத்தைப் போலீஸ் நிலையத்தில் சொல்லிப் பதிவார்கள். ஆஸ்பத்திரி டிரசர், அதாவது மருந்து கொடுப்பவர், சேர்ந்த பிறப்புகளை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்து, வேலை முடிந்தது என்று ஒவ்வொரு வரியையும் கோடு போட்டு மூடியிருக்கிறார். ஆபீசில் கோடு போட்டால் ஆள் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கோடு போட்டால் ஆள் வந்துவிட்டார் என்று அரசாங்கத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஆபீஸ் புத்தியை ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் வைத்து ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கொன்றுபோட்டேன். பக்கத்துக்குப் பக்கம் கோடு இல்லாமல் நின்ற இரண்டு மூன்று பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நினைக்கத்தான் இப்போது பயமாக இருக்கிறது.

குழுவில் எழுதினேன். தவறு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்று எழுதினேன். டீச்சர் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலாம்.

புதன்கிழமை காலை அந்த அம்மாவின் பக்கம், என் பக்கம் இரண்டையும் அச்செடுத்து, என் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு லாபுவுக்குக் காடியை ஓட்டினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. மகள் கதவைத் திறந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மெலிந்த உருவம், தலை வாரவில்லை.

"அக்கா, அந்த வரிய எழுதினவ நான்தான். தப்பா எழுதிட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

அவர் என்னையே பார்த்தார். "எது தப்பு? அந்தப் பிள்ள சாகலையா?"

"சாகல. அது நீங்கதான்." என் பக்கத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் அவர் மடியில் வைத்தேன். "இது நான். எம் மேலயும் கோடு இருக்கு பாருங்க. நானும்தான் செத்துப்போயிருக்கேன்."

எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். கோட்டின் முனையில் இருப்பது போலீஸ் நிலையத்தில் பதிந்த தேதி, நாளைக்கு அதிகாரியிடம் இந்தத் தேதியைச் சொல்லித் தேடச் சொல்லலாம் என்றேன். மறுநாள் அவர்கள் சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் லாபுவில் அவர் எழுந்து வாசலுக்குப் போகிறாராம், இங்கே நானும் எட்டிப் பார்க்கிறேன்.

ஆனால் அன்று அவர் நீல ஐசியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கோட்டின் மேல் விரலை மெல்ல ஓட்டினார்.

"அப்ப பதிஞ்சிருக்காங்க."

"ஆமாக்கா. அஞ்சாம் நாளே பதிஞ்சிருக்காங்க."

"பதிஞ்சாச்சு, டிரசர் ஐயா கொண்டு போனாருன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொன்னாங்க. நான் நம்பல. ஐசி ஆபீசுல ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பறப்ப, வீட்டுக்கு வந்து அவங்களத்தான் ஏசுவேன். ஒரு பிள்ளைய பெத்தத பதியத் துப்பில்லன்னு... படுக்கையில கெடந்தப்பவும் ஏசினேன்."

மகள் "அம்மா" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தாளை என் பக்கம் நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. எங்கம்மா பேரு எங்க இருக்கு, காட்டுங்க."

நான் காட்டினேன்.