ஆலா முட்டைக்கு ஒரு சைக்கிள்

"ஆலாட முட்டையக் கொண்டு வா, என்ட சைக்கிள் ஒரு கிழமைக்கு உனக்குத்தான்" என்று லாத்தா சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. என் மூத்த சகோதரியான அவள் யாருக்கும் தராத பொருள்களில் முதலாவது அந்தச் சைக்கிள்.

ஆலா என்ற கடற்பறவை முட்டையிடுவது குடாவுக்கு வெளியே, ஆளில்லாத கற்பாறைத் தீவில். கூடு கிடையாது, வெறுங்கல்தான். அங்கே இறங்கக் கூடாது என்பது சட்டம். கிண்ணியாவில் மீன்பிடிக்கும் என் மாமாவுக்கு அது சட்டத்துக்கு முந்திய வழக்கம். வலை போடுமுன் அவர் வானத்தைத்தான் பார்ப்பார். ஆலாக்கள் கூட்டமாகப் பாய்ந்து குத்தும் இடத்தில் மீன் இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் முட்டை கேட்டேன். மறுத்தார். மூன்று நாள் அழுதேன், சாப்பாட்டு நேரம் தவிர. நான்காம் நாள் காலை, "வா மகள், போவம்" என்றார்.

தீவுக்குத் தொலைவிலேயே எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டார். "இஞ்சயே இரி. கத்தப்படாது" என்று சொல்லி, நீந்தி, தீவுக்கு இப்பால் நின்ற ஒரு தனிப்பாறைக்குப் பின்னால் மறைந்தார். நான் பறவைகளை எண்ணினேன். ஒன்றும் அசையாததால் எண்ண வசதியாக இருந்தது. திரும்பி வந்தவர் காற்சட்டைப் பையிலிருந்து புள்ளி போட்ட சின்ன முட்டையொன்றை எடுத்தார்.

"ஆலா கொத்தலியா மாமா?"

"என்னயா? நாங்க ஒரே கடல்ல தொழில் செய்யிற ஆக்கள்."

லாத்தா முட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள், மூக்கருகே வைத்து மணந்து பார்த்தாள். "எடுத்தது மாமா, ஓடுறது நீயா?" என்றபடி சாவியைத் தந்தாள். குறிஞ்சாக்கேணி வரை சைக்கிள் ஓடினேன்.

முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்தேன். கோழியின் முட்டைகள் எல்லாம் பொரித்தன, என்னுடையது இல்லை. "அது கடல் சத்தம் கேட்டாத்தான் பொரிக்கும் மகள்" என்றார் மாமா. கூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இரண்டு நாள் அலைபோல் இரைந்தேன்.

அது காடை முட்டை என்பது பல வருடங்களுக்குப் பிறகு, திருகோணமலைக் கடையொன்றில் பெட்டி பெட்டியாகக் கண்டபோதுதான் தெரிந்தது. போன வருடம் செய்தி எழுதுவதற்காக அந்தத் தீவின் பக்கம் போனேன். படகு சற்று நெருங்கியதுமே பாறையின் மேற்பாதி கழன்று பறப்பதுபோல் அத்தனை ஆலாக்களும் கத்திக்கொண்டு எழும்பின.

அன்று ஒன்றுகூட எழும்பவில்லை. அதை அப்போதே கவனித்திருந்தேன். மாமாவின் கெட்டித்தனம் என்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அன்று காலை எங்களுக்கு முன்னரே எழும்பி எதையோ அவித்துக்கொண்டிருந்த உம்மா, குசினிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஏன் அவ்வளவு நேரம் சிரித்தார் என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.