சுமங்கலிகள் முன்னால் வரவும்

விடியப்புறம், ரயில்களில் சனம் ஏறத் தொடங்க முன்னம், லண்டன் ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நிலவறையில் லொக்கரைத் திறந்து ஏப்ரனைத் தேடிக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து ஐந்தாறு பெண்கள் வரிசையாக வந்து என் கன்னத்தில் முத்தம் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். துப்புரவு வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை எனக்கு இது பெரிய சோதனையாக இருந்தது. நான் யாழ்ப்பாணத்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பெற்ற தாயே என்னைக் கொஞ்சியதாக ஞாபகம் இல்லை. கட்டினவரைப் பற்றி இங்கே எழுத ஏலாது, அவரும் இதை வாசிப்பார். 'இதென்ன கோதாரி, தடிமன் காய்ச்சல் எல்லாம் இப்படித்தானே தொத்துறது' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு முகத்தைக் கல்லுப்போல வைத்திருப்பேன். அவர்கள் அதைக் கணக்கில் எடுத்ததேயில்லை. நித்திரை முழுசாகக் கலையாத அந்த நேரத்திலும் உதட்டுக்குச் சிவப்புப் பூசி, காதில் வளையம் ஆட, கலியாண வீட்டுக்கு வந்தவர்கள்போல மொப்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது அவர்களில் ஒருத்தி கொஞ்ச மறந்துபோனால் அன்று முழுக்க எனக்கு எதையோ தவறவிட்ட மாதிரி இருக்கிறது.

கொலம்பியா, எக்குவடோர், பொலிவியா என்று அவர்களுடைய நாடுகளை நான் பூகோளப் பாடத்தில் பாடமாக்கி மறந்தவள். அவர்களும் என்னை இந்தியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். என் பெயர் செல்வராணி. அது அவர்கள் வாயில் நிற்கவில்லை. பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். செல்வத்தை விளங்கப்படுத்தினால் சிரிப்பார்கள் என்று பயந்து ராணியை மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து நான் 'ரெய்னா'. அவர்களுடைய ஸ்பானிய மொழியில் அரசி. ஊரில் சங்கக்கடை வரிசையில் கடைசி ஆளாக நின்ற ராணிக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடந்தது, மூன்றாம் மாடிக் கழிவறைகளின் பொறுப்போடு.

எனக்கு முடிசூட்டியவள் மரிசோல். கொலம்பியாக்காரி. பிழைக்க ஸ்பெயினுக்குப் போய், அங்கே கணவன் இன்னொருத்தியோடு தங்கிவிட, சின்ன மகள் டனியெலாவைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவள். தாய்க்கு விடியப்புற வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் ஆளில்லை. பின்னேர ஷிப்ட் செய்கிற சிநேகிதிகள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் போய்ப் பிள்ளையை எழுப்பி, தலை இழுத்துப் பின்னி, பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளி விடுமுறை என்றால் டனியெலா சுப்பவைசரின் கண்ணில் படாமல் எங்கள் நிலவறையில் ஜக்கெற்றுகளுக்கு அடியில் நித்திரை கொள்ளும். வேலை முடிந்து எழுப்பி, சப்பாத்துக்கு நாடா கட்டிவிடுவது என் பங்கு. முயல்காது மாதிரி இரண்டு வளையம் வைத்துக் கட்டப் பழக்கியதும் நான்தான். மரிசோல் மகளை 'மாமி' என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அம்மா என்று அர்த்தம். பெற்ற பிள்ளையை 'என்ர அம்மா' என்று கொஞ்சுகிற சனம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கட்டடத்தின் மேல்மாடிக்காரர்களுக்கும் இவர்கள்மேல் பாசம் இருந்தது. ஒரு பெண்கள் தினத்துக்கு 'லத்தீன் அமெரிக்கப் பெண்களைக் கொண்டாடுவோம், வலுவூட்டுவோம்' என்று விழா வைத்தார்கள். முதல் நாள் ஒரு பெட்டை கமராவோடு வந்து, மரிசோலை மொப்பைக் கீழே வைக்கச் சொல்லி, கையை இடுப்பில் வைக்கச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வரவேற்பறைச் சுவரில் ஆளளவுக்கு மரிசோல் சிரித்துக்கொண்டு நின்றாள். விழா தொடங்க முன்னமே எங்கள் ஷிப்ட் முடிந்துவிடும். முடிந்த கையோடு வாசலைத் திறக்கிற எங்கள் அட்டையும் செத்துவிடும். விழாவுக்கு நாங்களும் நிற்கலாமா என்று மரிசோல் சுப்பவைசரிடம் கேட்டாள். அவன் நல்லவன், கதிரைகளை அடுக்கிவிட்டுப் போகலாம் என்று அனுமதி தந்தான். வலுவூட்டல் எப்படி நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் கம்பளத்தில் நிறையக் கேக் துணிக்கைகள் கிடந்தன. சுவரிலிருந்து தன்னைத் தானே கழற்றி, பசை அடையாளத்தைச் சுரண்டித் துடைத்து, படத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள் மரிசோல். "ரெய்னா, இதில நான் நல்ல வடிவு, என்ன?" என்று கேட்டாள். வடிவுதான்.

போன வருடம் டனியெலாவுக்குப் பதினைந்து வயது வருகிற நேரம் மரிசோல் என்னிடம் ஒரு மண்டபம் பிடித்துத் தரச் சொன்னாள். எலிபன்ட் அண்ட் காசில் பக்கம் அவர்கள் வழமையாகக் கூடுகிற இடங்கள் இடிபட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அவளுடைய உடைவை எங்கள் பேச்சுத் தமிழாக்கித் தருகிறேன், அவளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

"எங்கட நாட்டில எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் பதினஞ்சில செய்யிறது. பெரிய கவுன் போட்டு வருவாள். தேப்பன் முழங்காலில இருந்து அவளின்ர தட்டைச் சப்பாத்தைக் கழட்டி ஹீல்ஸ் போட்டுவிடவேணும். பிறகு ரெண்டு பேரும் ஆடவேணும்."

"தேப்பன் வருவாரோ?"

"வாறன் எண்டு சொன்னவர்." அவள் குரல் இறங்கியது. "அவர் வராட்டித் தான் வெளிய வரமாட்டன் எண்டு நிக்கிறாள் பெட்டை. ரெய்னா, இந்தப் பிள்ளையின்ர பள்ளிக்கூட விழா ஒண்டுக்கும் நான் போகேல்லை. எப்பவும் வேலை. இந்த ஒரு நாளாவது சரியா நடக்கவேணும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "ஓ, சாமத்தியவீடு!" என்றேன். பிள்ளை பெரிசானால் நாங்கள் செய்கிற சடங்கு என்று விளங்கப்படுத்தினேன். இது அந்த விஷயம் இல்லை, வெறும் வயதுதான் என்று அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, மனதுக்குள் சாமத்தியவீடு என்றே வைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டுச் சாமத்தியவீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஊரில் வெட்கப்பட்டு மூலைக்குள் இருத்தி வைத்த விஷயத்தை இங்கே பல்லக்கு, புகை, பறக்கிற கமரா எல்லாம் பிடித்து உலகத்துக்கு அறிவிக்கிறோம். எங்கள் மகள் அபி, "அம்மா, இற்ஸ் மை ப்ரைவேட் மற்றர்" என்று அழ அழத்தான் ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் மேடை ஏறினாள். எனக்கு இருந்த கவலை வேறு. பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்கத் தாய்மாமன் வேண்டும். என் தம்பி கடைசிச் சண்டையோடு காணாமல் போனவன். இருக்கிறான் என்றோ இல்லை என்றோ சொல்ல இன்றுவரை ஒருவரும் இல்லை. அவன் இல்லாமல் எனக்கு அந்தச் சடங்கே வேண்டாம்போல இருந்தது. சனம் விடுமோ? சட்டன் பக்கமிருந்து என் கணவருடைய சிநேகிதரின் மச்சான் ஒருவரைப் பட்டு வேட்டி சால்வையோடு இரவல் மாமனாகக் கொண்டுவந்து நிறுத்தினோம். நல்ல உயரமான மனிசன். தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். அல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிரித்தபடி நிற்கிறார். "ஹூ இஸ் திஸ் மாமா, அம்மா?" என்று அபி இப்போது கேட்டால் எனக்கு அவருடைய பெயர் வருவதில்லை. தம்பியின் முகம்தான் வருகிறது.

மண்டபம் தோர்ண்டன் ஹீத்தில் எங்களுக்குத் தெரிந்த அண்ணை ஒருவருடையது. "கொலம்பியாப் பிள்ளையோ? அதுக்கென்ன தங்கச்சி, எந்த நாடெண்டாலும் பிள்ளை பெரிசாகிறது ஒண்டுதானே" என்றார். இது வெறும் வயது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கே அதில் நம்பிக்கை இல்லாதபடியால் சொல்லவில்லை. விழா நாளன்று போய்ப் பார்த்தால் வாசலில் குலை வாழை, நிறைகுடம், குத்துவிளக்கு, மேடையில் இளஞ்சிவப்புத் தாமரைப்பூச் சிம்மாசனம். மரிசோலின் சிநேகிதிகளுக்குப் பரம சந்தோஷம். வாழைக் குலையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துத் தள்ளினார்கள். வழமையாகப் பிள்ளையின் பெரிய படம் வைக்கிற தாங்கியில் மரிசோல் தன்னுடைய பெண்கள் தினப் படத்தைக் கொண்டுவந்து ஏற்றியிருந்தாள். வலுவூட்டப்பட்ட பெண்ணுக்கு மண்டபக்கார அண்ணை ஒரு மாலையும் போட்டுவிட்டார்.

'உங்கட முறையில ஏதாவது ஒண்டும் செய்' என்று மரிசோல் கேட்டிருந்தபடியால் நான் ஆலாத்தித் தட்டுகளோடு வந்திருந்தேன். பிள்ளை வெளியே வந்ததும் இரண்டிரண்டு பேராக நின்று ஆலாத்தி எடுக்கவேண்டும். எடுக்கிறவர்கள் சுமங்கலிகளாக இருக்கவேண்டும், அது எங்கள் முறை. எனவே மைக்கை வாங்கி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கணவன் உயிரோடு இருக்கிற பெண்கள் தயவுசெய்து முன்னால் வரவும் என்று அறிவித்தேன்.

"உயிரோட இருந்தாக் காணுமோ, உபயோகமாவும் இருக்கவேணுமோ?" என்று கேட்டாள் கிளாடிஸ். எக்குவடோர்க்காரி, எங்களில் மூத்தவள், விதவை.

"என்ர ஆள் உயிரோடதான் இருக்கிறார், பொலிவியாவில என்ர மச்சாளோட. நான் வரலாமோ?" என்றாள் பொலிவியாக்காரி ரோசா.

"என்ர மனிசன் பிளேன் வந்து இறங்கும் வரைக்கும் உயிரோட இருப்பார். பிறகு நான் பொறுப்பில்லை" என்றாள் மரிசோல். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. எண்ணிப் பார்த்தால் முழுத் தகுதியோடு நின்றது நானும் மண்டபக்கார அண்ணையின் மனிசியும்தான். நான் மைக்கை மெல்லக் கீழே வைத்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்க முன்னம் மரிசோலின் போன் அதிர்ந்தது. தகப்பன் குரல் செய்தி அனுப்பியிருந்தார். வேலை, விமானம், அடுத்த முறை. தாய்க்கு முன்னமே மகளுக்கும் அதே குரல் போயிருந்தது. டனியெலா கவுன் உடுத்திக்கொண்டிருந்த மணமகள் அறையின் கதவு உள்ளே பூட்டிக்கொண்டது.

ஆம்பிளை இல்லாத சடங்குக்கு ஆம்பிளை பிடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்கவேண்டுமா? பட்டு வேட்டியோடு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த இவரிடம் ஓடினேன்.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ. தேப்பனா நிக்கவேணும்."

"ஆருக்குத் தேப்பன்? என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"சப்பாத்து மட்டும் போட்டுவிட்டாச் சரி."

"வேட்டியோட என்னெண்டு முழங்காலில இருக்கிறது?" என்று முனகியபடி பாவம், கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிட்டார். நான் அவரை இழுத்துக்கொண்டுபோய் மரிசோலுக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"நல்ல மனிசன் ரெய்னா. ஆனா இந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த கையெல்லாம் இஞ்சதானே நிக்குது. பிறகு ஏன் நான் ஒரு ஆம்பிளையை இரவல் வாங்கவேணும்?"

அல்பத்தில் நிற்கிற பெயர் தெரியாத மாமனைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னதேயில்லை.

அவள் போய்க் கதவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். ஸ்பானிய மொழியில்தான் பேசினாள். கிளாடிஸ் என் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். "பப்பா வாறன் எண்டு சொன்னவர்" என்று உள்ளேயிருந்து பிள்ளை அழுதது. "ஓமம்மா, சொன்னவர்" என்றாள் மரிசோல். "நான் ஒரு நாளும் அப்பிடிச் சொல்லேல்லை. உன்ர பாட்டுக்கும் வரேல்லை, நாடகத்துக்கும் வரேல்லை. எங்கயோ ஒரு நிலத்தைத் துடைச்சுக்கொண்டு நிண்டனான். இண்டைக்கு வந்திருக்கிறன், மாமி. கதவைத் திற." கிளாடிஸ் அதற்குமேல் மொழிபெயர்க்கவில்லை. அவளும் அழுதாள், நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கண்மை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பு. ரோசா கைக்குட்டையோடு பாய்ந்து போய் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துவிட்டாள். துடைப்பதற்கு அந்த மண்டபத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை.

"தேப்பன்ர ஆட்டத்தை நான் ஆடுவன்" என்றாள் மரிசோல். "சப்பாத்து உங்கட பங்கு. வலது கால் கிளாடிஸ், இடது கால் ரெய்னா. நாடா கட்டப் பழக்கினது அவள்தானே."

முதலில் ஆலாத்தி. நான் தட்டைத் தூக்க, மறுபக்கத்தைக் கிளாடிஸ் கேட்காமலே பிடித்தாள். விதவை. ஒரு கணம் என் கை பின்வாங்கப் பார்த்தது. கைலாயத்தில் இருக்கிற என் மாமியார் நிச்சயம் எழும்பி உட்கார்ந்திருப்பா. ஆனால் தட்டு சுற்றத் தொடங்கிவிட்டது, சுடரும் அணையவில்லை.

டனியெலாவின் கவுன் தாமரைச் சிம்மாசனத்துக்குள் அடங்கவில்லை. அதனால் நின்றபடியேதான் சப்பாத்து மாற்றவேண்டி வந்தது. கிளாடிஸ் கண்மூடித் திறக்க முன்னம் தன் காலை முடித்துவிட்டாள். எனக்குச் சப்பாத்து வார்ப் பூட்டின் ஓட்டை தெரியவில்லை, மூக்குக்கண்ணாடி கைப்பைக்குள் கிடந்தது. பிள்ளை ஒரு கால் உயரத்தில், ஒரு கால் நிலத்தில் என்று தள்ளாடி, விழாமல் இருக்க என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, கொஞ்சம் நிமிருங்கோ, முகம் படத்தில விழேல்லை!" என்று மண்டபத்துப் படப்பிடிப்பாளர் தமிழில் கத்தினார்.

"ரெய்னா, டோன்ற் மூவ், ப்ளீஸ்" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

நான் நிமிரவில்லை. அதனால் டனியெலாவின் அல்பத்தில் என் முகம் இல்லை. நரைத்த வகிடும், வகிட்டில் குங்குமமும், அதற்குமேல் ஒரு பிள்ளையின் கையும் இருக்கின்றன. என்றைக்காவது அவளுடைய பிள்ளை, சேலையோடு குனிந்திருக்கிற இந்தப் பெண் யார் என்று கேட்கும். அவளுக்கு என் பெயர் ஞாபகம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். செல்வராணி இல்லை, மற்றது.