பத்தொன்பது நாள் நகராத எடை

தொண்ணூற்று நான்கு கிலோ இருநூறு கிராம். என் எடை அங்கே வந்து உட்கார்ந்தது, பத்தொன்பது நாள் எழுந்திருக்கவில்லை. பட்டினி கிடந்தேன், நடந்தேன், கொள்ளுத் தண்ணீர் குடித்தேன். அது அசையவில்லை. நான் நினைத்து நடக்காத காரியம் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் எனக்கு வெல்ல மண்டி. மொத்த வியாபாரம். சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து பதினாறு வயதில் வந்து இதே தெருவில் மூட்டை தூக்கினேன். இன்று என்னிடம் ஆறு பேர் மூட்டை தூக்குகிறார்கள். பள்ளிக்கூடம் நாலாவதோடு சரி. இந்தத் தமிழ்கூட வெல்லம் கட்டி வந்த பழைய பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியதுதான். ஆனால் வெல்லம் என்று வந்துவிட்டால் பெரிய படிப்புப் படித்தவனும் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு துண்டை வாயில் போட்டால் எந்தப் பக்கத்துக் கரும்பு, நிறத்துக்கு மருந்து போட்டானா, சீனி கலந்தானா, எல்லாம் சொல்லிவிடுவேன். மாண்டியாவிலிருந்து சரக்கு கொண்டுவரும், வெல்லம் காய்ச்சும் ஆலைக்காரர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் சப்புக்கொட்டினால்தான் அவர்களுக்கு மூச்சு வரும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. வெறும் வலி என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் சொந்தச் சம்பாத்தியத்தில் நான் கட்டிய வீட்டில் என்னால் மாடி ஏற முடியவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. மேலே இரண்டு அறை, காற்று அப்படி வரும். கல் ஒவ்வொன்றையும் நானே போய்ப் பொறுக்கி வந்து தரை போட்டேன். ஒன்றரை வருடமாக அந்தத் தரையை நான் பார்க்கவில்லை. கீழே முன்னறையில், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். மனைவி மேலே, நான் கீழே. பேச வேண்டுமென்றால் படிக்கட்டு வழியாகக் கத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்கள் குடும்ப விஷயம் ஒன்று பாக்கியில்லாமல் தெரியும்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “மூட்டு மாத்திடலாம். ஆனா தொண்ணூறு கிலோவுக்குக் கீழ வாங்க. அதுக்கு முன்னாடி நான் கத்தியைத் தொட மாட்டேன்” என்றார். அன்று நான் தொண்ணூற்றெட்டரை. அதே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்கு எழுதிக்கொடுக்கும் ஒரு அம்மாவிடம் அனுப்பினார். நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தது. எல்லோரும் சிஸ்டர் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் சின்ன ராகி உருண்டை, நிறைய கீரை, ராத்திரி ஒரு சப்பாத்தி. டீயில் சர்க்கரை கிடையாது.

முதல் மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. மண்டித் தெரு முழுக்கச் சொன்னேன். வெங்காய மண்டிக்காரருக்கு நானே சாப்பாட்டு யோசனை கொடுத்தேன். பூண்டு வியாபாரியின் தொப்பையைத் தட்டி, “மனசு இருந்தா எல்லாம் கரையும்யா” என்றேன்.

அப்புறம்தான் அது நின்றது.

தினமும் காலையில் கடை திறந்ததும், மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பேன். எடை சொல்பவர் முப்பது வருடமாக என்னுடன் இருக்கும் மூத்த சுமைக்காரர். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்; முதலாளி என்பதை மட்டும் ‘சாவ்காரே’ என்றுதான் சொல்வார்.

“செருப்பைக் கழட்டுங்க சாவ்காரே.”

“கழட்டியாச்சு.”

“தொண்ணூத்தி நாலு இருநூறு. நேத்து போட்ட மூட்டைதான். சரக்கு அப்படியே இருக்கு, ஒண்ணும் சிந்தல.”

“நல்லாப் பாருய்யா.”

“வேணும்னா சாக்குக்குக் கழிக்கிற மாதிரி வேட்டி பனியனுக்கு அரை கிலோ கழிச்சுடவா?”

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்குத் தராசு மேல் சந்தேகம் வந்தது. அரசாங்க முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக் கல் ஐந்தை எடுத்து வைக்கச் சொன்னேன். சுத்தமாக நூறு காட்டியது, ஒரு கிராம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. என் கடைத் தராசு அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், இந்தத் தராசுக்குக் கொஞ்சம் பொய் சொல்லத் தெரிந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. சமாதானமாகாமல் வெங்காய மண்டித் தராசில் ஏறினேன். மருந்துக் கடை வாசலில் நின்ற மெஷினிலும் ஏறினேன். மூன்றும் பேசி வைத்ததுபோல ஒரே எண்ணைச் சொன்னன.

வீட்டுக்கு வந்து புலம்பினேன்.

“ஏனுங்க, ஊருக்கெல்லாம் எடை போட்ட தராசு உங்களுக்கு மட்டும் பொய் சொல்லுதாக்கும்?” என்று மாடியிலிருந்தே கேட்டாள் மனைவி.

“நான் என்ன திங்கறேன்னு உனக்குத் தெரியாதா புள்ள?”

“ஊட்டுல திங்கறது தெரியுமுங்க. வெளிய திங்கறது சாமிக்குத்தான் தெரியும்.”

ரோஷம் வந்துவிட்டது. ராத்திரிச் சப்பாத்தியை நிறுத்தினேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கொள்ளை வேகவைத்து அந்தத் தண்ணீரை மூன்று வேளையும் குடித்தேன். பசியில் கண்ணைக் கட்டியது. எடை மட்டும் இறங்கவில்லை. டாக்டரிடம் மறுபடி போக ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் இறங்காவிட்டால் மழைக்காலம் கழித்துப் பார்க்கலாம் என்பார். இன்னும் எத்தனை நாள் ஸ்கூட்டருக்குக் காவல் படுப்பது?

சிஸ்டரிடம் போய் நின்றேன். அந்தப் பெண் என் சீட்டைப் பார்த்துவிட்டு, “அங்கிள், முதல்ல இறங்கினதுல பெரும்பங்கு தண்ணி” என்றது. “சோத்தையும் இனிப்பையும் குறைச்சா, உடம்பு பிடிச்சு வச்ச தண்ணியத்தான் முதல்ல விடும். எல்லாருக்கும் அப்படித்தான்.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. வெறும் தண்ணீருக்கா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்?

“அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நிக்கிறதும் சகஜம். பயப்படாதீங்க. ஆனா இவ்வளவு நாள் துளி அசையலன்னா, எங்கயோ ஏதோ உள்ள போகுது.”

“நான் பொய் சொல்றவன் இல்லம்மா.”

“பொய்யின்னு சொல்லல, மறந்திருப்பீங்க. காலையில இருந்து ஒவ்வொண்ணா சொல்லுங்க.”

சொன்னேன். இட்லி, டீ, கடை, மோர், ராகி உருண்டை.

“கடையில என்ன?”

“கடையில ஒண்ணும் இல்ல. வேலைதான்.”

“என்ன வேலை?”

“சரக்கு பார்ப்பேன்.”

“எப்படிப் பார்ப்பீங்க?”

“வாயில போட்டுத்தான்.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தது. “போட்டு, முழுங்கிடுவீங்களா?”

“பின்ன, வெல்லத்தைத் துப்புவாங்களா? லட்சுமிம்மா அது.”

“அப்ப அது சாப்பாடு இல்லையா?”

“அது சாம்பிள் பார்க்கிறது. தொழில்மா.”

சிரித்துச் சிரித்து அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எங்க பெரியப்பா பேக்கரியில வேலை பார்த்தார் அங்கிள். அவரும் கேக்கே தொட்டதில்லைன்னு சாகற வரைக்கும் சத்தியம் பண்ணினார். என்னை நீங்க நம்ப வேண்டாம். நாளைக்கு ஒரு நாள் வழக்கம்போல பிட்டு எடுங்க. ஆனா வாய்க்குப் பதிலா ஒரு கவர்ல போடுங்க. சாயங்காலம் உங்க தராசுலயே நிறுத்துப் பாருங்க.”

மறுநாள் இருபத்தாறு ஆலைச் சரக்கு வந்தது. இருபத்தாறு துண்டும் கவருக்குள் போயிற்று. சாயங்காலம் சின்னத் தராசில் வைத்தோம். முந்நூற்று நாற்பது கிராம். ஆறு சுமைக்காரர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். மூத்தவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “மூணு நாளைக்கு ஒரு கிலோ உருண்டை சாவ்காரே.”

இதில் இன்னொன்றும் தெரிந்தது. முன்பெல்லாம் நான் பிட்டெடுப்பது சுண்டைக்காய் அளவுதான். கவரில் கிடந்ததெல்லாம் நெல்லிக்காய். வீட்டில் சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க, கை தானாகக் கடையில் துண்டைப் பெரிதாக்கியிருக்கிறது. என் கையே எனக்குத் தெரியாமல் எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

சரி, இனி வாயில் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். உடைத்தால் வரும் சத்தம், மூக்கு, நகத்தால் கீறினால் உதிரும் பொடி, இவை போதும் என்று நினைத்தேன். இரண்டு நாள் ஜோராக நடந்தது. மூன்றாம் நாள் பார்த்து வாங்கிய சரக்கு நஞ்சன்கூட்டில் ஒப்பட்டு, அதாவது போளி, போடும் ஒரு பலகாரக் கடைக்குப் போனது. அந்த வாரமே ஒரு மத்தியானம், அந்தக் கடைக்காரர் ஆட்டோவில் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

“என்ன வெல்லம் இது? ஒப்பட்டு உப்புக் கரிக்குதுன்னு ஜனங்க திருப்பிக் குடுக்கறாங்க. உங்க நாக்கை நம்பித்தானே வாங்கறேன்?”

நான் மண்டி வைத்த நாளிலிருந்து திரும்பி வந்த முதல் சரக்கு அது. வேறு சரக்கு ஏற்றி அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாக்கை வைத்துக்கொண்டால் கால் போகும், காலைப் பார்த்தால் நாக்கு போகும். ஒரு மனுஷன் எதை விடுவது?

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கூடையோடு மனைவி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். திரும்பி வந்த உருண்டையில் நகத்தால் ஒரு பொடி கிள்ளி, அவள் நுனி நாக்கில் வைத்தாள்.

“உப்புத் தண்ணி பாஞ்ச காட்டுக் கரும்புங்க இது. எங்கப்பன் ஆலையில இப்படி வந்தாத் தனியா வெச்சுருவாரு.”

அவள் அப்பா வெல்லம் காய்ச்சியவர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆலையில்தான் அவள் வளர்ந்தாள் என்பதும் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவளிடம் ஒரு சரக்கைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

மூத்த சுமைக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உள்ளே ஓடி மூன்று சரக்கிலிருந்து மூன்று துண்டு கொண்டுவந்தார். “சொல்லுங்கம்மா, பார்ப்போம்.”

“இது புதுசு. இது போன வருசத்துது, மழை ஈரம் பட்டிருக்குது. இதுல சீனி இருக்குதுங்க.”

மூன்றாவது நான் வாயில் போட்டுப் பார்த்துச் சுத்தம் என்று எடுத்த பழைய சரக்கு. விடுவேனா? அந்த ஆலைக்காரருக்கு அங்கேயே போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தேன்.

“சீனியா? ஐயோ, இல்ல சாவ்காரே... கொஞ்சமே கொஞ்சம். அந்தத் தடவ பாகு சரியா உறையல, அதான். யார் சொன்னது?”

“எங்க ஊட்டுக்காரி.”

“அக்காவா? அவங்களைத் தயவுசெஞ்சு கடைப்பக்கம் கூட்டிட்டு வராதீங்க.”

கடை சிரிப்பில் அதிர்ந்தது. அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “நாக்கு இருக்கறவங்களுக்கு எள்ளத்தனை போதுமுங்க. நீங்க நெல்லிக்காயத்தனை தின்னுபோட்டு நாக்கு, நாக்குன்னு பேசிட்டுத் திரிஞ்சீங்க.”

எனக்குப் பெருமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவளைப் பொறுக்கி எடுத்தது யார்? நான்தானே. இதை அவளிடமும் சொன்னேன். “பொண்ணுப் பாக்க வந்தன்னைக்கு நீங்க எங்க என்னையப் பாத்தீங்க, பலகாரத் தட்டைத்தான் பாத்தீங்க” என்றாள். அதுவும் உண்மைதான்.

அடுத்த நாளிலிருந்து காலை பத்து மணிக்கு அவள் வருவாள். சரக்கு பார்ப்பது அவள், விலை பேசுவது நான். முதல் வாரம் அருகில் உட்கார்ந்து அவள் கிள்ளுவதைப் பார்க்கவே எனக்கு எச்சில் ஊறியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் தராசில் ஏறினேன். மூத்தவர் குனிந்து பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“சாவ்காரே, மூட்டை ஒழுகுது! தொண்ணூத்தி மூணு எண்ணூறு!”

அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குச் சர்க்கரை போடாதது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் நிற்கும், ஒரு நாள் கால் கிலோ ஏறிக்கூடக் காட்டும். நான் தராசோடு சண்டைக்குப் போகவில்லை. டாக்டர் சொன்ன நாளில் தொண்ணூற்றொன்றரை. “ஒழுங்கா இறங்குது, இன்னும் மூணு வாரம் தரேன்” என்றார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரித் தராசில் எண்பத்தொன்பது எழுநூறு. சிஸ்டர் கையைத் தட்டியது. டாக்டர் நாட்காட்டியைப் புரட்டித் தேதி கொடுத்தார்.

ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன்.

“டாக்டர் தேதி குடுத்துட்டாரு புள்ள!”

“ம்ம்” என்றாள். வாயில் ஏதோ இருந்தது. பின்னால் ஓர் ஆலைக்காரர், “அக்கா, பார்த்துச் சொல்லுங்க அக்கா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“இருங்க, இந்தச் சரக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு வர்றனுங்க.”

காத்திருந்தேன். அவர் மன்றாடுவதும் அவள் மறுப்பதும் கேட்டன. நான் பேசியிருந்தால் பாதி விலைக்காவது எடுத்திருப்பேன். அவள் எடுக்கவில்லை. திரும்பி வந்து, “என்னைக்குங்க?” என்றாள்.

“வர்ற வியாழக்கிழமை.”

“அன்னைக்கு மாண்டியா லோடு வருதே. போகட்டும். லோடை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போட்டுச் சொல்லிடறனுங்க. உங்க காலுதான் முக்கியம்.”

அந்த மண்டியில் என்னைக் கேட்காமல் லோடைத் தள்ளிப்போட்ட முதல் ஆள் அவள்தான். சரி என்றேன்.