அக்கா பாடிய நான்கு வரி

பாரிஸில் அக்காவுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. காரைக்காலில் எங்கள் வீட்டு ஹாலில், அதை வீடியோவில் நேரலையாகப் பார்க்க அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம கேமராவ அணைச்சாச்சுப்பா. உங்கள யாரும் பாக்கப் போறதில்ல."

"அதுக்காக? பொண்ணு சூத்னான்ஸுக்குக் கைலியோட உக்காரச் சொல்றியா?" தேர்வை அப்பா பிரெஞ்சில்தான் சொல்வார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். இணையம், இன்வெர்ட்டர், டிவி கேபிள், அப்பாவின் காதுக் கருவிக்குப் புது பேட்டரி. கடைசியில் இருப்பதுதான் முக்கியம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். வலது காது அங்கேயே போய்விட்டது. இடது காதும் இந்த வருடம் மங்கிக்கொண்டே வந்தது. மகள் பேசி முடிக்கும்வரையாவது அது தாங்க வேண்டும் என்று காலையில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

அக்காவின் ஆய்வு ஓபரா பற்றியது. தொலைபேசியும் வானொலியும் புதிதாக வந்தபோது அரசாங்கங்கள் எந்தப் பாட்டை ஊருக்கெல்லாம் அனுப்பின, எதை இரைச்சல் என்று ஒதுக்கின என்பது. எனக்குப் பிரெஞ்சு பாதிதான் புரியும். அப்பா தலையாட்டிய இடத்தில் நானும் ஆட்டினேன்.

பிறகு உதாரணம் காட்ட அக்கா எழுந்து நின்று பாடினாள். வாய் திறந்தது. தோள்கள் ஏறி இறங்கின. சத்தமே வரவில்லை.

அப்பா காதுக் கருவியைக் கழற்றி ஊதினார். மறுபடி மாட்டினார். "போச்சும்மா. இந்தக் காதும் போச்சு."

"எனக்கும் கேக்கலப்பா!"

"சும்மா என்னைத் தேத்தாத."

"நான் பேசுறது கேக்குதுல்ல?"

யோசித்தார். "கேக்குது."

"அப்புறம் என்ன? அங்க ஓடுற வீடியோ ஆப் பேச்ச மட்டும் விடும். மத்ததெல்லாம் இரைச்சல்னு வெட்டிடும். பாட்டையும் வெட்டிடுச்சு."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த அரசாங்கமெல்லாம் போயி இப்ப இது வந்துடுச்சாக்கும்" என்று சிரித்தார்.

முடிவை அறிவிக்க நடுவர்கள் எழுந்தபோது அவரும் எழுந்து நின்றார். பட்டம் கிடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா அதே ஆப்பில் என் போனுக்கு அழைத்தாள். வாழ்த்துக்கூடச் சொல்லாமல், இரைச்சல் நீக்கும் அமைப்பை எங்கே அணைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன்.

"இப்பப் பாடுக்கா. அப்பாவுக்கு."

நடைபாதையில் நின்றே அந்த நான்கு வரிகளையும் பாடினாள். போனை இடது காதில் அழுத்தி அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

"அப்பா, உள்ள எல்லாரும் எனக்காகக் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும்" என்றார்.